தோல்வியில் தொடங்கித் தோல்வியில் முடித்தவர்

வெற்றி பெற்றோர் வாழ்க்கையை எழுதுதல் எளிது. அவர்தம் வெற்றிகளை ஆண்டு முறையாக அடுக்கிவிட்டால் கட்டுரை தானே முடிந்துவிடும். யான் இன்று எழுத எடுத்துக்கொண்டவரின் வாழ்க்கையும் அவ்வாறு அடுக்கத் தக்கதே. ஒரே அணியை 29 ஆண்டுகள் நடத்தி, 270 வெற்றிகளைக் கண்டவர் அவர். எனினும், அவர் பெயரைக் கேட்குந்தோறும் என் நெஞ்சில் முந்தி நிற்பவை அவ்வெற்றிகள் அல்ல. ஒரு வெற்றியேனும் காணாத அவரது முதலாண்டும், மூன்றே வெற்றிகள் கண்ட அவரது இறுதியாண்டுமே என் முன் நிற்கின்றன. அமெரிக்க நாட்டு உதைபந்தாட்டத்தில் டலஸ் கௌபோய்ஸ் என்னும் அணியைப் பயிற்றிய டொம் லாண்ட்ரியே அவர்.

அவ்வாட்டத்தைப் பற்றி முதற்கண் சில சொற்கள் கூறல் வேண்டும். உதைபந்தாட்டம் என எம்மிடையே வழங்குவது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் ஆடுவது வேறு. அவர்தம் பந்து முட்டை வடிவினது. அதனைக் காலால் உதைத்தல் சிறுபான்மை. கையாற் சுமந்து ஓடுதலும் எறிந்து பிடித்தலுமே பெரும்பான்மை. பக்கத்துக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்தையுடைய அணி நான்கு முயற்சிகளுள் பத்து யார் தூரமேனும் முன்னேறுதல் வேண்டும். தவறின் பந்து மற்றவர்க்கு உரியதாகும். ஒவ்வொரு முயற்சிக்கு முன்னும் ஆட்டம் நின்று, எவர் எங்கே ஓடுவது, எவர் எவரைத் தடுப்பது என்பதெல்லாம் திட்டமிடப்படும். ஆதலின், வெளிப்பார்வைக்கு மற்போர் போலத் தோன்றும் இவ்வாட்டம் உள்ளே சதுரங்கத்தை ஒத்தது. லாண்ட்ரி அச்சதுரங்கத்தில் வல்லவர்.

அவர் 1924ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிக்கோ நாட்டு எல்லையை அடுத்த மிஷன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் மோட்டார் வண்டி திருத்துந் தொழிலினர். ஊதியம் பெறாது ஊர்த் தீயணைப்புப் படையையும் நடத்தியவர். பள்ளிப் பருவத்திலேயே ஆட்டத்திற் சிறந்து விளங்கிய மைந்தர், ஒஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் புகுந்தார். அவ்வேளையிலேதான் இரண்டாம் உலகப்போர் அக்குடும்பத்தின் வாயிலை அடைந்தது. மூத்த தமையன் றொபேட், குண்டுவீச்சு விமானமொன்றில் வட அத்திலாந்திக் கடலைக் கடந்து செல்கையில் இறந்துபட்டார். அத்துயர் ஆறுமுன்னரே இளையவரும் விமானப்படையிற் சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு ஐரோப்பாவின்மீது 30 முறை பறந்தார். ஒருமுறை எரிபொருள் தீர்ந்து விமானம் தரையில் மோதி இறங்கியது. உடன் சென்றோர் அனைவரும் உயிருடன் நடந்து வெளியேறினர். அப்போது அவருக்கு வயது இருபதளவே. பின்னாளில் பல்லாயிரவர் ஆர்ப்பரிக்கும் களத்தின் ஓரத்தில் முகத்தில் ஒரு கோடும் அசையாது அவர் நின்றதைக் கண்டு, இவர் மனிதரோ கற்சிலையோ என்று வியந்தவர் பலர். தமையனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அதே வகை விமானத்தில் ஏறிய இளைஞருக்கு, ஆட்டக்களத்தில் முகம் வாடுதற்கு என்ன இருந்தது?

போர் முடிந்த பின்னர் கல்வியைத் தொடர்ந்த அவர், 1949ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரிற் தொழில்முறை ஆட்டக்காரரானார். எதிர் அணியார் எறியும் பந்தைத் தடுக்கும் காவலர் பணி அவருடையது. அவ்வாண்டு கிளீவ்லாந்து அணியுடன் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தில், மக் ஸ்பீடி என்னும் வீரர் அவரைக் கடந்து சென்று மீண்டும் மீண்டும் பந்தைப் பற்றினார். கால் விரைவு தமக்குப் போதாது என்பதை லாண்ட்ரி அன்று உணர்ந்தார். காலால் எட்ட இயலாததைக் கருத்தால் எட்டுதல் வேண்டும் என்று துணிந்து, எதிரி நிற்கும் நிலையைக் கொண்டே அவன் செய்யப்போவதை முன்னறியும் முறையை ஆராயத் தலைப்பட்டார். விடுமுறைக் காலங்களிற் கைத்தொழிற் பொறியியல் பயின்று, 1952ஆம் ஆண்டு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். ஒரு நாளைய அவமானமே அவரை ஆசிரியராக்கியது எனலாம்.

நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியில் 1954ஆம் ஆண்டு முதல் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்து, பின்னர் தடுப்பாட்டத்தின் முழுப்பொறுப்பையும் ஏற்றார். முன்வரிசையில் நால்வரையும் அவர் பின்னே மூவரையும் நிறுத்தும் வியூகத்தைச் செம்மைப்படுத்தி நாடெங்கும் பரவச் செய்தவர் அவரே. அதே அணியிற் தாக்குதலாட்டத்தைப் பயிற்றியவர் வின்ஸ் லொம்பார்டி. இருவரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர். இருவரும் வெவ்வேறு இயல்பினர். லொம்பார்டி முழங்குபவர், லாண்ட்ரி மௌனி. 1956ஆம் ஆண்டில் அவ்வணி நாட்டின் முதன்மை பெற்றது.

1960ஆம் ஆண்டிலே டலஸ் நகருக்குப் புதிய அணியொன்று வழங்கப்பட்டது. மாட்டிடையர் எனப் பொருள்படும் கௌபோய்ஸ் என்பது அதன் பெயர். கிளின்ட் மர்ச்சிசன் என்னும் செல்வர் உரிமையாளர், டெக்ஸ் ஷ்ராம் பொது முகாமையாளர், லாண்ட்ரி பயிற்றுநர். அணிக்கு இசைவு கிடைத்த காலத்தில், கல்லூரிகளிலிருந்து புதிய வீரரைத் தெரிவு செய்யும் நாள் கடந்துபோயிருந்தது. ஆதலின், ஏனைய அணிகள் கைவிட்டோரையும் முதுமை எய்தினோரையும் கொண்டே களம் புகவேண்டியதாயிற்று. முடிவு யாது? 12 ஆட்டங்களில் 11 தோல்வி. ஒன்று மட்டும் சமநிலை. தாம் விட்டுவந்த நியூயோர்க் அணியுடன் 31க்கு 31 என்ற புள்ளிகளில் நின்ற அவ்வொன்றே அவ்வாண்டு முழுவதற்கும் ஆறுதல்.

அடுத்த ஆண்டு நான்கு வெற்றி. அதற்கடுத்த ஆண்டு ஐந்து. 1963ஆம் ஆண்டில் மீண்டும் நான்காகத் தாழ்ந்தது. அவருடைய முறை நூலறிவுக்கு ஏற்றதேயன்றிக் களத்துக்கு ஏற்றதன்று எனப் பலர் பேசினர். அவரை நீக்குதல் வேண்டும் என்ற குரலும் எழுந்தது. அவ்வேளையில் மர்ச்சிசன் செய்த செயல் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் தோல்வியினும் மிகுதியான வெற்றி காட்டாத அப்பயிற்றுநருக்கு, மேலும் பத்து ஆண்டுகளுக்குரிய ஒப்பந்தத்தை அவர் வழங்கினார். நம்பிக்கை என்னுஞ் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை எழுதுதல் அரிது. வெற்றி கண்டபின் நம்புதல் கணக்கு. காணாமுன் நம்புதலே நம்பிக்கை.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1965இல் வெற்றியுந் தோல்வியும் ஏழு ஏழாகச் சமமாயின. 1966 முதல் 1985 வரை, 20 ஆண்டுகள் இடையறாது, வெற்றி தோல்வியினும் மிக்கே நின்றது. ஆயினும் இறுதி முதன்மை எளிதிற் கைகூடவில்லை. இருமுறை தொடர்ந்து அவர் வழியை மறித்து நின்றவர் பழைய தோழர் லொம்பார்டியே. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், கிறீன் பே நகரில், உறைநிலைக்கு 25 பாகையளவு கீழ்ப்பட்ட கடுங்குளிரில் நிகழ்ந்த ஆட்டத்தில், இறுதி நொடிகளில் 21க்கு 17 எனத் தோற்றார். 1971ஆம் ஆண்டு ஜனவரியில், சூப்பர் போல் எனப்படும் இறுதிப்போட்டியில், ஐந்தே நொடிகள் எஞ்சியிருக்க உதைக்கப்பட்ட பந்தொன்று 16க்கு 13 என்று அவரை வீழ்த்தியது. பெரிய ஆட்டத்தை வெல்லமாட்டாதவர் என்ற பழி ஊரெங்கும் பரவியது. அப்பழிக்கும் அவர் வாயால் மறுமொழி கூறினாரல்லர். 1972ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் மயாமி அணியை 24க்கு 3 என வென்று முதன்மை பெற்றார். 1978ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் டென்வர் அணியை 27க்கு 10 என வென்று மீண்டும் அதனைப் பெற்றார். ரோஜர் ஸ்டோபாக் முதலாய பெருவீரர் அக்காலத்தில் அவர்கீழ் ஆடினர். மேலங்கியும் கழுத்துப் பட்டியும் வட்டத் தொப்பியும் அணிந்து களத்தோரத்தில் நிற்கும் அவருருவம் அமெரிக்க இல்லங்களெல்லாம் அறிந்த உருவமாயிற்று.

இனி, வீழ்ச்சியைச் சொல்லல் வேண்டும். வீழ்ச்சி ஒரு நாளில் வந்ததன்று. 1980, 1981, 1982 ஆகிய மூன்று பருவங்களிலும் இறுதிப்போட்டியின் வாயில்வரை சென்று அணி திரும்பியது. புதிய வீரரைத் தெரிவு செய்வதில், 1960களிலேயே கணினியைப் பயன்படுத்திய அணி அது. இந்தியாவிற் பிறந்த சலாம் குரேஷி என்னும் புள்ளிவிபரவியலாளர் அம்முறையை அமைப்பதிற் பெரும்பங்கு கொண்டார். நாட்பட, அவ்வறிவு ஏனையோர்க்கும் பொதுவாயிற்று. முற்படச் சென்றமையால் டலஸ் பெற்ற நன்மை தேய்ந்தது. 1980களில் அது தெரிந்தெடுத்த வீரருட் பலர் எதிர்பார்த்தவாறு ஒளிரவில்லை. எதிரியின் நிலையைக் கொண்டு செயலை முன்னறியும் லாண்ட்ரியின் முறையையும், எதிரிகள் 20 ஆண்டுகள் கற்று அதற்கேற்ற மாற்று முறைகளை வகுத்துவிட்டனர். அவரோ தம் முறையை விடாது பற்றி நின்றார். ஒவ்வொரு முயற்சிக்கும் உரிய திட்டத்தைத் தாமே களத்தோரத்திலிருந்து அனுப்பும் வழக்கத்தையும் விட்டாரல்லர்.

இவ்விடத்திலே யான் சற்று நின்றுவிடுகின்றேன். ஒருகாலத்தில் நன்கு பயன்பட்ட பாடக்குறிப்பை, காலம் மாறிய பின்னும் ஆண்டுதோறும் அவ்வாறே படிப்பிக்கும் ஆசிரியன் பிழையை யான் அறிவேன். அப்பிழை என்னிடத்தும் உண்டு. மாணாக்கர் முகத்தில் ஒளி குன்றுங்கால், குறை அவர்பாலது என்று எண்ணிக்கொண்ட நாள்கள் பல. ஆதலின் லாண்ட்ரியைக் குற்றமற்றவர் எனக் காட்டுதல் என் நோக்கமன்று. அவருடைய இறுதித் தோல்விகளுட் பெரும்பங்கு அவராலேயே விளைந்தது. அதனை மறைத்தெழுதின் இவ்வரலாற்றின் பயனே கெட்டுவிடும்.

1986ஆம் ஆண்டிலே, முதல் எட்டு ஆட்டங்களில் ஆறு வென்ற அணி, தாக்குதலை நடத்திய டனி வைற்றின் மணிக்கட்டு முறிந்தபின் சரிந்து, 7 வெற்றி 9 தோல்வி என முடிந்தது. 1964க்குப் பின் தோல்வி மிகுந்த முதலாண்டு அதுவே. 1987இல் 7க்கு 8. பின்னர் வந்தது 1988.

அப்பருவம் வேறொரு வகையிற் கொடியது. முதல் நான்கு ஆட்டங்களில் இரண்டு வெற்றி கிடைத்தமையால், நம்பிக்கை முற்றும் அணையவில்லை. அதன்பின் தொடர்ந்து பத்து ஆட்டங்கள் தோல்வியாயின. பிலடெல்பியா அணியுடன் 24க்கு 23 என ஒரே புள்ளியால் தோற்றனர். மினசோட்டா அணியுடன் 43க்கு 3 எனச் சிதைந்தனர். ஹேர்ஷல் வோக்கர் என்னும் இளைய வீரர் அவ்வாண்டு மட்டும் 1,514 யார் தூரம் பந்தைச் சுமந்தோடினார். ஒருவன் ஓட்டம் ஓர் அணியைக் காக்கப் போதவில்லை. வாரந்தோறும் இருக்கைகள் வெறுமையாயின; பத்திரிகைகள் அவர் வயதைக் கணக்கிட்டன. 64 வயதினராகிய அவர் வாரந்தோறும் அதே தொப்பியுடன், அதே நிமிர்ந்த நிலையில், அதே இடத்தில் வந்து நின்றார். டிசம்பர் 11ஆம் நாள், நடப்பு முதன்மை அணியாகிய வாஷிங்டனை அதன் சொந்தக் களத்திலேயே 24க்கு 17 என வென்றனர். அதுவே லாண்ட்ரி கண்ட கடைசி வெற்றி. அடுத்த வாரம் இறுதி ஆட்டத்திலும் தோற்று, 3 வெற்றி 13 தோல்வி என்ற கணக்குடன் பருவம் முடிந்தது. அவரோ விலகுதலை எண்ணாது, அடுத்த ஆண்டுக்குரிய ஆயத்தங்களிற் கருத்தைச் செலுத்தினார்.

ஆனால், அவரை நம்பிய மர்ச்சிசன் அப்போது அணிக்கு உரியவரல்லர்; 1984இலேயே அதனை விற்றுவிட்டார். வாங்கிய எச். ஆர். பிரைட் என்பவர் வங்கித் தொழிலிற் பெருநட்டம் எய்தி, மீண்டும் விற்க முனைந்தார். 1989ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள், ஆர்க்கன்சா மாநிலத்து எண்ணெய் வணிகர் ஜெரி ஜோன்ஸ் கைக்கு அணி மாறியது. ஜோன்ஸ் தம் கல்லூரித் தோழர் ஜிம்மி ஜோன்சனைப் பயிற்றுநராக்க முன்னரே துணிந்திருந்தார். அவ்விருவரும் டலஸ் உணவகமொன்றில் ஒருங்கிருந்து உண்ட படம், லாண்ட்ரிக்கு ஒரு சொல் அறிவிக்குமுன்னரே செய்தித்தாளில் வெளிவந்துவிட்டது. அன்று பிற்பகலிலே புதிய உரிமையாளரும் ஷ்ராமும் ஒஸ்டின் நகருக்கு விமானமேறிச் சென்று, அந்நகரை அடுத்த கோல்ப் மைதானமொன்றில் லாண்ட்ரியைக் கண்டு செய்தியைக் கூறினர். 29 ஆண்டுப் பணி ஒரு சிறு உரையாடலில் முடிந்தது. தோல்விக்காகப் பயிற்றுநரை மாற்றுதல் உரிமையாளர்க்கு உரியதே. அதனைக் குறைகூற யான் முற்படேன். நீக்கியமையினும் நீக்கிய முறையே மக்கள் மனத்தைப் புண்படுத்தியது.

இரண்டு நாள் கழித்து, தம் வீரர்களிடம் விடைபெறுதற்கு அவர் வந்தார். பதினாயிரங் கண்கள் பார்த்த தோல்விகளில் அசையாத அம்முகம் அன்று அசைந்தது. பேச்சு இடையிலே தடைப்பட, அவர் கண்ணீர் உகுத்தார். கற்சிலை என்று எண்ணியிருந்த வீரர் தாமும் கலங்கினர். தோல்விக்கு அழாத ஒருவர் பிரிவுக்கு அழுதார். அவர் உள்ளம் எதனைப் பொருளாகக் கொண்டிருந்தது என்பது அன்றே பலர்க்கு விளங்கிற்று.

அவ்வாண்டு ஏப்ரல் 22ஆம் நாள் டலஸ் நகரத்தார் அவருக்கென ஒரு விழா எடுத்தனர். வெற்றி பெற்ற வீரரை ஊர்வலமாக அழைத்தல் எந்நகரிலும் காணத்தக்கது. 13 தோல்விகண்டு பதவியிழந்த ஒருவரை வரவேற்கப் பல்லாயிரவர் தெருவோரத்தில் நின்றது அரிய காட்சி. வெண்ணிப் பறந்தலையில் வென்ற கரிகாலனை நோக்கி, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் நின்னினும் நல்லனன்றோ என்னுங் கருத்தை வைத்துப் பாடிய வெண்ணிக் குயத்தியாரின் நினைவு எனக்கு இங்கே எழுகின்றது. போர்க்களம் வேறு, ஆட்டக்களம் வேறு; காலமும் நாடும் வேறு. எனினும் தோற்றானையும் அளந்து பார்க்கும் கண் மக்களிடத்து உண்டு என்பது இரண்டிடத்தும் ஒன்றே.

புதிய பயிற்றுநரின் முதலாண்டு எவ்வாறு இருந்தது? 1 வெற்றி, 15 தோல்வி. லாண்ட்ரியின் இறுதியாண்டினும் அது தாழ்ந்தது. அவ்வொரு வெற்றியும் வாஷிங்டன் களத்திலேயே கிடைத்தது; பழையவர் கடைசியாக வென்ற அதே இடத்திற் புதியவர் முதலாவதாக வென்றார். அவ்வாட்டத்தின் தொழில்முறைக் கழகத்தில் ஒரு விதி உண்டு: ஒரு பருவத்தில் மிகத் தாழ்ந்த அணிக்கே, அடுத்த ஆண்டு புதிய வீரரைத் தெரிவு செய்வதில் முதலிடம். 1988ஆம் ஆண்டின் 13 தோல்விகளே அவ்வுரிமையை டலஸ் அணிக்குத் தேடிக்கொடுத்தன. அதனாற் கிடைத்தவர் ட்ரோய் ஏக்மன். அவர் வழிநடத்த, 1993, 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் அணி மும்முறை முதன்மை பெற்றது. ஒருவர் தோல்வியாக உழுத நிலத்தில் வேறொருவர் வெற்றியாக அறுத்தார். விதைத்தவருக்கு விளைவிற் பங்கில்லை என்பது உலகியல்பு. ஆசிரியத் தொழிலர் இதனை நன்கறிவர்.

லாண்ட்ரி கசப்பைப் பேசித் திரிந்தாரல்லர். சமயப்பற்று மிக்க கிறித்தவராகிய அவர், அறப்பணிகளிற் தம் பொழுதைக் கழித்தார். 1990ஆம் ஆண்டில் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1993ஆம் ஆண்டு நவம்பரில், தம்மை நீக்கிய ஜோன்ஸ் அழைக்க, அதே டலஸ் மைதானத்துக்குச் சென்று, அணியின் பெருமக்கள் பெயர் பொறிக்கும் வரிசையிற் தம் பெயரும் இடம்பெறும் சிறப்பை ஏற்றுக்கொண்டார். அழைத்தவர்க்கும் அது பெருமை. சென்றவர்க்கு அதனினும் பெருமை. 1995இல் இளைய மகளை நோய்க்குப் பறிகொடுத்தார். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள், இரத்தப் புற்றுநோயால், 75ஆவது வயதில் டலஸ் நகரிற் காலமானார்.

அவருடைய கணக்கைப் பார்ப்போர் 270 வெற்றி, 178 தோல்வி, 6 சமநிலை என எழுதுவர். அக்கணக்கிலே முதலாண்டின் 11 தோல்வியும் கடைசியாண்டின் 13 தோல்வியும் ஒன்றுபோலவே அடங்கிக் கிடக்கின்றன. ஆயினும் அவை ஒன்றல்ல. முன்னையவற்றின்போது அவரை நம்ப ஒருவர் இருந்தார். பின்னையவற்றின்போது எவரும் இலர். இரண்டிடத்தும் மாறாதிருந்தது அவர் நின்ற நிலை ஒன்றே. எம் மாணாக்கரிடம் பரீட்சைப் பெறுபேற்றின் நாளில் யாம் காட்டவேண்டுவது மர்ச்சிசனின் நம்பிக்கை. அம்மாணாக்கர் பெறுபேறு தாழ்ந்த நாளிற் பயிலவேண்டுவது லாண்ட்ரியின் நிலை. காலத்துக்கேற்பத் தம் முறையை மாற்றாது அவர் விட்ட குறையோ ஆசிரியராகிய எமக்குரிய பாடம்.

ஒஸ்டின் நகரிலே டெக்சாஸ் மாநிலப் பெருமக்கள் துயிலும் இடுகாட்டில் அவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. பதவி நீக்கச் செய்தி அவரை வந்தடைந்தது அந்நகரின் அயலிலேயே. அக்கல்லில் அவர் பெயருடன் அவரணிந்த வட்டத் தொப்பியின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது.